ரன்வேயில் குடித்தனம்

(முதல் கடிதம், எழுதியும் அனுப்பாதது)

பாகூர்,
9 ஜூலை 2023

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெயசீலன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்கு எழுத வராது. உஷா போய்விட்டாள்.

பெரிய சண்டை எதுவும் இல்லை. சேதராப்பட்டில் கம்பெனி வேலை கிடைத்தது. ஷிப்டு முடிந்து இவ்வளவு தூரம் வர பஸ் இல்லை என்று அங்கேயே அவள் சித்தி வீட்டில் தங்கினாள். முதலில் வாரம் ஒரு முறை வந்தாள், அப்புறம் மாசம் ஒரு முறை. போன மாசம் வந்தவள் புடவையையெல்லாம் பையில் எடுத்து வைத்தாள். "இன்னா உஷா, எல்லாத்தையும் எடுக்கற?" என்றேன். "ரன்வேல எவனாவது குடித்தனம் பண்ணுவானாய்யா? பேச ஒரு ஆள் இல்ல. நாய் கூட இங்க நிக்க மாட்டேங்குது" என்றாள். நாயைத் துரத்தத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அவள் மேல் தப்பு இல்லை. பிள்ளை குட்டி இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். இப்போது திங்கட்கிழமை காலையில் வாயை மூடினால் சனிக்கிழமைதான் திறக்கிறேன்.

இதைப் படித்தால் நீ சாப்பிடாமல் முழங்காலில் கிடப்பாய். உனக்கு முன்னால் மடத்து மதர் வேறு படிப்பார். அடுத்த மாசம் நீ மடத்தில் சேர்ந்த வெள்ளி விழா. வேண்டாம், வேறு எழுதுகிறேன்.


பாகூர்,
9 ஜூலை 2023

சேசு மரி சூசை துணை

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெயசீலன் வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் ஜெபத்தால் நானும் உஷாவும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மடத்தில் உனக்கு வைத்த பேர் இத்தனை வருஷமாகியும் என் வாயில் வரவில்லை. உறையின் மேல் மட்டும் அதை எழுதுகிறேன். உள்ளே நீ சகாயராணி அக்காதான்.

நான் வேலை பார்க்கும் விமானத் திடல் மீனம்பாக்கம் மாதிரி இருக்குமா என்று கேட்டிருந்தாய். அந்த ஆசையெல்லாம் வேண்டாம். பனித்திட்டுக்குப் போகிற வழியில், முன்பு கரும்பு போட்ட நிலத்தில் ஒரே ஒரு தார் ரோடு. அதற்குத்தான் ரன்வே என்று பேர். எந்த ஊருக்கும் போகாத ரோடு. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்கள் கொட்டகையில் நிற்கின்றன. சனி, ஞாயிறு விடிந்ததும் புதுச்சேரியிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் காசுள்ளவர்கள் காரில் வந்து இறங்குவார்கள். பாகூர் ஏரியைச் சுற்றி, கடல் வரைக்கும் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். "போற ஊரே இல்லாம இன்னாத்துக்குப் போறாங்க?" என்று உஷா சிரிக்கிறாள்.

புல் வெட்டுவது, ஆடு மாடு நாய் மயில் எதுவும் ரன்வேயில் ஏறாமல் பார்த்துக்கொள்வது, கேட்டைப் பூட்டுவது, இதுதான் என் வேலை. இருக்க வீடும் திடலை நடத்தும் கிளப்பே கொடுத்திருக்கிறது. ஒரு அறை, சமையல்கட்டு, பக்கத்தில் தட்டுமுட்டுச் சாமான் போட்ட இன்னொரு சின்ன அறை. எங்கள் இரண்டு பேருக்கு அது தாராளம்.

வெள்ளி விழாவுக்கு இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறோம்.

உன் தம்பி,
ஜெயசீலன்


மடம், மலையடிவாரம்
6 ஆகஸ்ட் 2023

இயேசுவுக்கே புகழ்

என் தம்பி சீலனுக்கும் உஷாவுக்கும்,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. நான் திடமாக இருக்கிறேன். முட்டிவலி தன் கடமையைத் தவறாமல் செய்கிறது.

வெள்ளி விழாவுக்குப் பாயசம் வைத்தார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் சமையல்கட்டு சிஸ்டர் தாராளமாகச் சர்க்கரை போடுவார் போலிருக்கிறது. உன் கடிதம் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. ரன்வே எந்த ஊருக்கும் போகாது என்று நீ எழுதியதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், மதர் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் விதி உனக்குத் தெரியும், அவசரத்தில் மறந்துவிடாதே. மாசம் ஒரு கடிதம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் அதுவும் கிடையாது. வருகிற கடிதத்தை மதரும் பிரிக்க மாட்டார். அப்படியே அலமாரிக்குள் போய்விடும். பண்டிகை அன்றுதான் வெளியே வரும்.

அடுத்த முறை உஷாவை ஒரு வரியாவது எழுதச் சொல். தம்பி பெண்டாட்டியின் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

உங்கள் இருவரையும் தினமும் நினைக்கும்,
அக்கா


பாகூர்,
15 அக்டோபர் 2023

சேசு மரி சூசை துணை

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே, வேலை அப்படி.

உஷாவுக்கு எழுதக் கூச்சம். "உங்க அக்கா படிச்சவங்க, நான் தப்பும் தவறுமா எழுதினா சிரிப்பாங்க" என்கிறாள். உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். இப்போது வாசலில் வடகம் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எந்நேரமும் இங்கேதான் கிடக்கிறார்கள். பேச்சுச் சத்தம் தாங்கவில்லை, எனக்குப் பகலில் கண் அயரக்கூட முடிவதில்லை.

மழை தொடங்கிவிட்டதால் இரண்டு வாரமாக யாரும் பறக்க வரவில்லை. கிளப் செயலாளர் கலைவேந்தன் சார் மட்டும் வாரா வாரம் போன் செய்து ரன்வேயில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்பார். நல்ல மனுஷன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
ஜெயசீலன்


மடம்,
19 நவம்பர் 2023

இயேசுவுக்கே புகழ்

தம்பி சீலனுக்கு,

கர்த்தர் துணையால் எழுந்து நடமாடுகிறேன். உனக்குச் சளி பிடிக்கவில்லையே?

உன் கடிதத்தைப் படித்து ஒன்று கேட்கத் தோன்றியது. ஐப்பசி அடைமழையில் எந்தப் பைத்தியக்காரி வடகம் காயவைப்பாள்? உஷாவுக்கு நான் ஒருத்தி மாமியார் ஸ்தானத்தில் இல்லாத குறை தெரிகிறது! விளையாட்டுக்குச் சொன்னேன், அவளிடம் சொல்லிவைக்காதே.

இங்கே இரண்டு பெரிய சிஸ்டர்களை அடுத்தடுத்து அடக்கம் செய்தோம். இப்போது நாங்கள் ஐந்து பேர்தான். கோயிலில் சங்கீதம் பாட இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்க வேண்டும், ஒரு பக்கம் இருவர், மறுபக்கம் மூவர். பாதிப் பாட்டில் யாருக்காவது இருமல் வந்தால் என் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. உன் வீட்டில் பேச்சுச் சத்தம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

திருவருகைக் காலம் வருகிறது. கிறிஸ்துமஸ் கழித்துப் பேசுவோம்.

அக்கா


மடம்,
10 ஜனவரி 2024

இயேசுவுக்கே புகழ்

சீலனுக்கும் உஷாவுக்கும் புது வருஷ ஆசீர்வாதங்கள்.

பண்டிகைக்கு உன் கடிதம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பரவாயில்லை. நானே முந்திக்கொள்கிறேன், ஒரு காரியம் இருக்கிறது.

இந்த மடத்தை மூடப்போகிறார்கள். கூரை ஒழுகுகிறது, புதிதாக யாரும் சேருவதில்லை. பாஸ்கா பண்டிகை முடிந்ததும் எங்களை வடக்கே, ராஞ்சிப் பக்கத்தில் இருக்கும் மடத்துக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பவர்கள் அனுமதி பெற்று வீட்டோடு போய் இருக்கலாம், அங்கிருந்தே ஜெபிக்கலாம் என்று ஆயர் சொல்லியிருக்கிறார். யார் எங்கே என்ற பட்டியல், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று போகிறது.

அந்தச் சின்ன அறையில் சாமான் போட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தாயே. ஒரு ஓரத்தில் எனக்குப் பாய் விரிக்க இடம் இருக்குமா? ஒரு அடுப்புக்கு இரண்டு பெண்கள் என்றால் சரிப்படாது என்பார்கள். உஷாவிடம் கேள். அவளுக்கு மனசு இல்லையென்றால் வற்புறுத்தாதே, அது பாவம். அவளுக்குச் சம்மதம் என்றால் ஒரே ஒரு வரி எழுது. தவக்காலம் தொடங்குவதற்குள் வந்தால்தான் என் கைக்குக் கிடைக்கும், ஞாபகம் இருக்கட்டும்.

எனக்கு வர ஆசை, சீலா. இதை மதர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அக்கா


பாகூர்,
13 பிப்ரவரி 2024

சேசு மரி சூசை துணை

அக்கா,

வா. முதலில் அதை எழுதிவிட்டேன், மற்றதெல்லாம் பிறகு.

உன் கடிதம் பொங்கலை ஒட்டிக் கிடைத்தது. அன்றைக்கே பதில் போட்டிருக்க வேண்டும். ஆனால் வா என்று எழுதினால் உஷா இல்லை என்பதையும் எழுத வேண்டுமே. ஆமாம் அக்கா, உஷா போய் எட்டு மாசமாகிறது. வடகமும் இல்லை, அக்கம்பக்கமும் இல்லை. அக்கம்பக்கம் என்று இங்கே இருப்பது இரண்டு பனைமரம். அறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, எல்லாம் தயார் என்று சேர்த்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். வெள்ளையடித்து முடித்தபோது வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது.

தை அறுவடை முடிந்தால் நம் காலனிப் பெண்கள் நெல்லை ரோட்டில்தானே காயப்போடுவார்கள்? இந்த வருஷம் போலீஸ் விடவில்லை. அவர்களில் அமிர்தம் வந்து, "உன் ரோடு சும்மாதானே கெடக்குது சீலா" என்றாள். வார நாளில் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டைத் திறந்துவிட்டேன். நெல்லுக்காகத் திறந்தேன் என்றால் அது பொய். ஆள் வந்தால் போதும் என்று திறந்தேன். அந்த இரண்டு வாரம் இங்கே திருவிழாதான். ஆறேழு பெண்கள், கிண்டல், கேலி, தூக்குச்சட்டியில் குழம்பு. நானும் அவர்களோடு காலால் நெல் கிளறினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேறு ஊர்த் திடலுக்குப் பறந்துபோன கலைவேந்தன் சார், வாரக் கடைசியில்தான் வருவேன் என்றவர், செவ்வாய்க்கிழமையே திரும்பிவிட்டார். முன்கூட்டிப் போன் செய்திருக்கிறார். போன் வீட்டில் கிடந்தது, நான் நெல்லில். தலைக்கு மேல் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் விமானம் சுற்றுகிறது. "ஐயோ, தள்ளுங்கடி!" என்று அமிர்தம் கத்த, பலகையாலும் முறத்தாலும் எல்லோரும் தள்ளினோம். பாதிதான் ஒதுக்க முடிந்தது. அவருக்குப் பெட்ரோல் தீரப்போகிறது, இறக்கிவிட்டார். சக்கரம் நெல்லில் வழுக்கி, வண்டி ஓரப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. முன் விசிறி உடைந்துபோனது. ஆண்டவர் புண்ணியத்தில் அவருக்குக் கீறல்கூட இல்லை. இறங்கியதும், "யாருக்கும் அடி படலையே?" என்றுதான் கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று கிளப்பில் பேசி முடிக்க இத்தனை நாள் ஆயிற்று. வேலை போனால் வீடும் போகும். இல்லாத வீட்டுக்கு உன்னை எப்படி அழைப்பது? அதனால்தான் எழுதவில்லை. முந்தாநாள் முடிவு சொல்லிவிட்டார்கள். நான் இருக்கலாம், நெல் மட்டும் கூடாது. இனி அமிர்தமும் வரமாட்டாள்.

வீடு இருக்கிறது, அறை இருக்கிறது. ஒரு அடுப்புக்கு ஒரு ஆள்தான் இருக்கிறேன். வந்துவிடு அக்கா.

தம்பி,
ஜெயசீலன்

பி.கு. 14ஆம் தேதி. தபாலாபீசுக்குக் கிளம்பினேன். கேட்டுக்கு வெளியே அமிர்தம் போனாள், நெற்றியில் சாம்பல். "இன்னா அமிர்தம் இது?" என்றேன். "இன்னாவா? இன்னிக்கு சாம்பல் புதன்டா. கோயில் பக்கமே வராதவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். உஷா எங்கே என்று கேட்பார்களே என்று நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தி வெகுநாளாகிறது. போன வருஷம் மாதிரி இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஆனாலும் அனுப்புகிறேன்.


பாகூர்,
17 பிப்ரவரி 2024

அக்கா,

இதுவும் அலமாரிக்குத்தான் போகும், தெரியும்.

மடத்தின் வெளி அறைப் போனுக்குக் கூப்பிட்டேன். வாசல் பார்க்கிற சிஸ்டர் எடுத்தார். "யாராவது இறந்துட்டாங்களா?" என்றார். "இல்லீங்க சிஸ்டர்." "சாகக் கெடக்கறாங்களா?" "அதுவும் இல்லீங்க." "அப்போ பாஸ்கா கழிச்சுப் பேசுங்க தம்பி. தவக்காலத்துல சாவுச் சேதி மட்டும்தான் உள்ள போகும்." ஒரே வார்த்தை சொல்லுங்கள், வரச்சொன்னேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சேதியும் கடிதமும் ஒன்றுதான் என்றார். நேரில் வரட்டுமா என்றேன். கம்பிக் கதவும் சாத்தியிருக்கும் என்றார்.

நான்தான் செத்துப்போனேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்போது பேசுவது யார் என்று கேட்டிருப்பார். பட்டியலில் என்ன எழுதிக் கொடுத்தாயோ தெரியவில்லை.

ஜெயசீலன்


மடம்,
1 ஏப்ரல் 2024, பாஸ்கா திங்கள்

அல்லேலூயா. உயிர்த்த ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

என் தம்பி,

நேற்று மத்தியானம் அலமாரியைத் திறந்து உன் இரண்டு கடிதத்தையும் கொடுத்தார்கள். நான் பாஸ்கா விருந்துக்குப் போகவில்லை.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் வரைக்கும் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை என்றதும் உஷாவுக்கு மனமில்லை, நீ அதைச் சொல்லக் கூசுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். வடக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போதைய மதருக்கு முன் இருந்த, கண் தெரியாத பழைய மதரை ரயிலில் கூட்டிப்போய் அங்கேயே கூட இருந்து பார்த்துக்கொள்வதாக வாக்கும் கொடுத்துவிட்டேன். அவர் இப்போது என் கையைப் பிடிக்காமல் ஒரு அடி வைப்பதில்லை. மற்ற மூவரும் வீட்டோடு போகிறார்கள், நாங்கள் இருவர் நாளைக்குக் கிளம்புகிறோம்.

ஏன்டா சொல்லவில்லை? உஷா போனதை என்னிடம் சொல்ல உனக்கு என்னடா வெட்கம்? நான் உன் அக்கா இல்லையா? கோபமாக எழுதுகிறேன், கோபமாகவே படித்துக்கொள்.

அக்கா


ராஞ்சி அருகே,
26 மே 2024

இயேசுவுக்கே புகழ்

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறாயா, இளைத்துப் போனாயா? நான் இங்கே நல்லபடி இருக்கிறேன். போன கடிதத்தில் கத்தியதற்கு மன்னித்துக்கொள்.

இங்கே சிஸ்டர்கள் நிறைய பேர், சின்னப் பெண்கள், பாசமானவர்கள். நான் கேட்ட சத்தம் கிடைத்துவிட்டது, அதில் ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்துவைக்கிறேன். பழைய மதர் நாங்கள் வந்த மாசத்திலேயே தூக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரோடு தமிழும் போயிற்று. இப்போது உனக்கு எழுதும்போது மட்டும்தான் பேசுகிறேன்.

வீட்டோடு இருக்க மறுபடி கேட்கலாமா என்று விசாரித்தேன். இந்த மடத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, இனி அது ஆகாது என்கிறார்கள். நீ ஆசையில் இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கடிதம் சாம்பல் புதனுக்கு ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் நான் வந்திருப்பேன். யோசித்திருக்கக்கூட மாட்டேன்.

இனி உள்ளதை உள்ளபடி எழுது. பொய் எழுதி என்னைச் சந்தோஷப்படுத்தாதே.

அக்கா


பாகூர்,
7 ஜூலை 2024

சேசு மரி சூசை துணை

அன்பு அக்காவுக்கு,

உள்ளதை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். உடம்பு சுகம். கொஞ்சம் இளைத்திருக்கிறேன், ஒரு ஆளுக்குச் சமைக்கக் கை வரவில்லை. உஷா நலம் என்று கேள்வி. வரவில்லை, வரவும் மாட்டாள். கோயிலுக்கு மறுபடி போகிறேன். உஷா எங்கே என்று கேட்டார்கள், சொன்னேன். அத்தோடு விட்டுவிட்டார்கள். இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்று இருந்தது. அங்கே மழை தொடங்கிவிட்டதா? முட்டியை ஈரத்தில் வைக்காதே.

போன திங்கட்கிழமை கலைவேந்தன் சார் தனியாக வந்தார். புது விசிறி மாட்டிய விமானத்தை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். ஒரு தரம் மேலே போய் இறங்கியவர், "ஏறுங்க ஜெயசீலன், இத்தனை நாளா இருக்கீங்க, ஒரு தடவை கூட வந்ததில்லையே" என்றார். சிலுவை போட்டுக்கொண்டு ஏறினேன். பனைமரம் கீழே போயிற்று. பாகூர் ஏரி தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி தெரிந்தது. பனித்திட்டுப் படகெல்லாம் தெரிந்தது. பயம் போய்ச் சந்தோஷமாகத்தான் இருந்தது அக்கா, பொய் சொல்லவில்லை.

இங்கே யார் பறந்தாலும் கீழே ஒரு ஆள் இருக்கும். பெண்டாட்டி போனில் படம் பிடிப்பாள், பிள்ளைகள் துண்டை வீசிக் கத்துவார்கள். திரும்பி வரும்போது சார் விமானத்தைத் தாழ்வாக இறக்கி, ரன்வே மேலாகக் கொண்டுபோனார். "கீழ கை காட்டுங்க, எல்லாரும் இங்கதான் காட்டுவாங்க" என்றார், பழக்கதோஷத்தில்.

நானும் எட்டிப் பார்த்தேன். கேட் தெரிந்தது, கொட்டகை தெரிந்தது, நம் வீடு தெரிந்தது. உனக்கென்று வெள்ளையடித்த அறையின் கதவு திறந்து கிடந்தது. ஆள் யாரும் இல்லை. எப்படி இருக்கும்? அங்கே இருக்கிற ஒரே ஆள் நான், நான்தான் மேலே வந்துவிட்டேனே.

சாரை ஏமாற்றக் கூடாது என்று கை காட்டினேன் அக்கா.

தம்பி,
ஜெயசீலன்